புறம்போக்கு கிடைத்த இடத்தில் ஆபீஸ்

திருவண்ணாமலை மாவட்டத்துப் பெரணமல்லூர் ஒரு பேரூராட்சி. அதே பெயரிலுள்ள ஊராட்சி ஒன்றியத்துக்கும் அதுதான் தலைமையிடம். ஆரணிப் பட்டு என்று கடைக்குப் போகிற சேலைகளில் ஒரு பங்கு இந்தச் சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்யப்படுகிறது. தறியில் உட்காருகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலை இறங்கினால்தான் கூலி. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று என்று எதற்காகத் தறியை நிறுத்திவிட்டுக் கிளம்பினாலும் அந்த நாள் போயிற்று. முதல் நடையில் ஆள் இல்லை, இரண்டாம் நடையில் கையெழுத்து இல்லை என்றால் இன்னும் இரண்டு நாள். இப்படிப்பட்ட ஒருவரிடம் நல்ல அரசு கட்டடம் எது என்று கேட்டால் கண்ணாடி முகப்பையோ கிரானைட் தரையையோ சொல்ல மாட்டார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எவ்வளவு நடக்க வேண்டும், காத்திருக்கும் நேரத்தில் எங்கே உட்காருவது, போன வேலை ஒரே நடையில் முடியுமா என்றுதான் கேட்பார்.

தமிழ்நாட்டில் அரசு கட்டடம் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் தெரியாமல் இல்லை. ஆனால் அவற்றை முந்திக்கொண்டு இன்னொரு கேள்வி வந்துவிடுகிறது: இடம் எங்கே சும்மா கிடைக்கும்? கட்டடத்தின் தலையெழுத்தைப் பெரும்பாலும் அந்தக் கேள்விதான் எழுதுகிறது.

ஒரு துறைக்குக் கட்டடம் அனுமதியானதும் துறை அலுவலர் இடம் கேட்டுத் தாசில்தாருக்கு எழுதுவார். தாசில்தார் வருவாய் ஆய்வாளரைக் கேட்பார், அவர் வி.ஏ.ஓ.வைக் கேட்பார். வி.ஏ.ஓ. தன் 'அ' பதிவேட்டைப் புரட்டி, ஆக்கிரமிப்பு இல்லாத, எதிர்ப்பு கிளம்பாத புறம்போக்கு சர்வே எண் ஒன்றைக் குறித்துக் கொடுப்பார். மதிப்பீட்டில் நிலத்துக்கான செலவு பூஜ்யம். கோப்பு வேகமாக நகரும். மார்ச் முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவழித்தாக வேண்டிய பொறியாளருக்கும் நிம்மதி. யார் மீதும் குற்றம் சொல்ல முடியாத ஒழுங்கான நடைமுறைதான். விளைவு மட்டும் கோணலாக வந்து சேருகிறது. ஊர் நடுவில் புறம்போக்கு மிச்சமிருப்பதில்லை. இருந்தாலும் அதில் கோயிலோ கடைகளோ எப்போதோ முளைத்திருக்கும். எதிர்ப்பு இல்லாத இடம் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே ஏரி, மேய்க்கால், களத்துமேடு, சுடுகாட்டை ஒட்டிய தரிசு என்றுதான் தேட வேண்டும்.

ஏரியில் கட்டுவது இந்த மாநிலத்துக்குப் பழகிப்போன காரியம். சென்னையின் தியாகராய நகரே 1920களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்த பேட்டை. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த நிலத்தில்தான் நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் வளாகம் உலகனேரிக் கண்மாய் நிலம். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி உத்தரவு போடும் நீதிமன்றம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மதுரைக்காரர்கள் கேலி பேசுவதில் நியாயம் இருக்கிறது. பெரணமல்லூருக்கு இன்னும் பக்கத்தில் பார்த்தால் விழுப்புரம் புதிய பேருந்து நிலையம். அதுவும் ஏரிப் பகுதியில் கட்டியதுதான். வடகிழக்குப் பருவமழை வலுத்த ஆண்டுகளில் பஸ் நிற்கும் தளம் குளமாகிவிடும். மூட்டை முடிச்சைத் தலையில் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தண்ணீரில் நடப்பது பத்திரிகைகளுக்கு வழக்கமான படம். ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாடு தனிச்சட்டமே 2007இல் இயற்றியது. குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார். அதே ஏரியில் அரசு போட்ட கான்கிரீட் பொதுப் பயன்பாடு ஆயிற்று.

தூரத்தின் கதை ஒரு கட்டடத்தோடு முடிவதில்லை. வட ஆற்காடு மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் சித்தூர்தான் தலைநகர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானபோது தலைநகர் வேலூருக்கு வந்தது. 1989 செப்டம்பரில் வட ஆற்காடு இரண்டாகி, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் பிறந்தது. மக்களுக்கு அருகில் நிர்வாகம் என்பதுதான் மாவட்டப் பிரிவினைக்கு எப்போதும் சொல்லப்படும் காரணம். ஆரணிக்கு நடந்தது தலைகீழ். பழைய தலைநகர் வேலூர் சுமார் 40 கிலோமீட்டர். புதிய தலைநகர் திருவண்ணாமலை ஏறக்குறைய 60. செய்யாறு, வெம்பாக்கம் பக்கத்து ஜனங்களுக்குக் காஞ்சிபுரம் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஆட்சியரைப் பார்க்க மாவட்டத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும். மாவட்டம் சிறுத்தது, சிலருக்கு ஆட்சியரகம் தள்ளிப்போனது. பெரணமல்லூர் என்ற பெயரில் இருந்த சட்டமன்றத் தொகுதியும் 2008 மறுவரையறையில் மறைந்துவிட்டது. ஓர் ஊருக்கு என்ன கட்டடம் எப்போது வரும் என்பதில் தொகுதி மேம்பாட்டு நிதிக்கும் எம்.எல்.ஏ.வின் அக்கறைக்கும் எவ்வளவு பங்கு உண்டு என்று தெரிந்தவர்களுக்கு இது வெறும் வரைபட மாற்றமாகத் தெரியாது.

பஸ் மாறி மாறித் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தாலும் பயணம் முடிவதில்லை. ஆட்சியரகம் இருப்பது ஊருக்கு வெளியே, வேலூர் சாலையில் வேங்கிக்காலில். வேலூருக்குச் சத்துவாச்சாரி, விழுப்புரத்துக்குப் பெருந்திட்ட வளாகம். ஆட்சியரகம், எஸ்.பி. அலுவலகம், கருவூலம், இன்னும் பத்து துறைகள் எல்லாம் ஒரே மதிலுக்குள் வரும் இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு: ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு ஊர் சுற்ற வேண்டாம். ஆனால் வளாகத்தின் வாசலைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் வேறொன்றும் தெரியும். மனு எழுதித் தருபவர், ஜெராக்ஸ் கடை, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் விற்பவர், டீக்கடை, பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுப்பவர் எல்லாரும் மதிலுக்கு வெளியே, தார்ப்பாய்க்கும் தகரத்துக்கும் கீழே. மனு கொடுக்க வந்தவருக்கு உடனடியாகத் தேவைப்படும் அத்தனையும் கட்டடத்தின் திட்டத்தில் இல்லை. தெருவில், அனுமதியில்லாமல், எந்த நேரமும் அகற்றப்படலாம் என்ற நிலையில் இருக்கிறது. அந்தக் கடைகளை அப்புறப்படுத்திவிட்டால் மறுநாளே ஆட்சியரகத்தின் வேலை பாதி ஸ்தம்பித்துவிடும்.

அமெரிக்காவில் இதே சிக்கல் அரை நூற்றாண்டுக்கு முன் பேசப்பட்டது. கூட்டாட்சி அரசின் கட்டடங்களுக்கு 1962இல் எழுதப்பட்ட வழிகாட்டும் கொள்கைகள், மனைத் தேர்வையே வடிவமைப்பின் முதல் படியாகக் கொள்ளச் சொல்லின. அரசு கட்டடங்களின் கீழ்த்தளத்தில் கடைகளும் கலை நிகழ்ச்சிகளும் இடம்பெற வழிசெய்யும் சட்டம் 1976இல் வந்தது. 1978இல் ஜிம்மி கார்ட்டர் ஓர் ஆணை போட்டார்: நகர்ப்புறத்தில் புதிய அலுவலகம் தேவைப்பட்டால் முதலில் நகர மையத்தைத்தான் பரிசீலிக்க வேண்டும். புறநகருக்கு ஓடிக்கொண்டிருந்த ஊர்களில் நடுவூர் செத்துவிடக் கூடாது என்பது அதன் உள்நோக்கம். எல்லா இடத்திலும் அது பலித்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் இடம் என்பது நிலக்கணக்கில் தீரும் விஷயம் இல்லை, ஊரின் பிழைப்போடு சேர்ந்தது என்று ஒரு அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது அங்கே நடந்தது.

சென்னையில் சமீபத்தில் பார்த்த பெரிய உதாரணம் கிளாம்பாக்கம். 2002இல் திறந்த கோயம்பேடு நிலையம் 37 ஏக்கர். நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. தெற்கே போகும் பஸ்களுக்கு ஜி.எஸ்.டி. சாலையில் 88 ஏக்கரில் புதிய முனையம் கட்டி 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். கட்டடம் என்ற அளவில் குறை சொல்ல அதிகம் இல்லை. நிழல் உண்டு, இருக்கை உண்டு, கடைகள் உண்டு. ஆனால் திறந்த நாளில் பக்கத்திலேயே ஓடும் ரயில் பாதையில் நிலையம் இல்லை, பாதைக்கும் முனையத்துக்கும் இடையே நடைமேம்பாலம் இல்லை. நள்ளிரவில் இறங்கிய குடும்பங்கள் பெட்டிகளோடு ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசின. ஒரு பஸ் நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டு, அங்கே வருவதற்கான வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது எந்தக் கட்டடக்கலைஞரின் தவறும் இல்லை. வளர்ச்சிக் குழுமம் கட்டுகிறது, போக்குவரத்துக் கழகம் ஓட்டுகிறது, ரயில்வே டெல்லிக்குப் பதில் சொல்கிறது. மூன்று நிறுவனங்களின் கால அட்டவணைகளும் ஒரு பயணியின் இரவில்தான் சந்தித்துக்கொண்டன.

இடமும் வடிவமும் சரியாக இருந்தும் கட்டடம் தடம் மாறிவிடுவதுண்டு. அதற்கு ஓமந்தூரார் தோட்டம் சாட்சி. தமிழ்நாட்டின் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் கிழக்கிந்தியக் கம்பெனி 1640களில் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள்தான் இன்றும் இயங்குகின்றன. பத்து மாடி நாமக்கல் கவிஞர் மாளிகை 1970களில் எழுந்தும் இடநெருக்கடி தீரவில்லை. ராணுவக் கட்டுப்பாடும் தொல்லியல் கட்டுப்பாடும் உள்ள கோட்டையில் மேலும் கட்டவும் வழியில்லை. ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம் வடிவமைத்த புதிய வளாகம் அண்ணா சாலையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் எழுந்தது. பொதுமக்கள் வந்துபோகத் திறந்த முற்றமும் வட்டவடிவக் கட்டடங்களும் அதன் சிறப்பு. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். மேலேயிருக்க வேண்டிய குவிமாடம் அதற்குள் முடியவில்லை. கலை இயக்குநர் தோட்டா தரணி சினிமா செட் போலத் தற்காலிகக் குவிமாடம் ஒன்றைப் போட்டு விழாவை நடத்திக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. 2011 ஆகஸ்டில் அந்த வளாகம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகும் என்று அறிவிப்பு வந்து, 2014 பிப்ரவரியில் நோயாளிகள் வந்தார்கள்.

அமைச்சர் அறைகளுக்காக அளந்த கட்டடத்தில் அறுவை அரங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அமைத்ததில் எவ்வளவு இடித்துக் கட்ட வேண்டியிருந்தது என்பது ஒருபுறம். மறுபுறம், இன்றைக்கு அந்த வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கிறவருக்குச் செயலகமாக இருந்திருந்தால் இத்தனை ஏழைகள் உள்ளே போயிருப்பார்களா என்ற சந்தேகம் வரும். அண்ணா சாலை, பஸ்கள் நிறைய, பின்னாளில் மெட்ரோ. இடத் தேர்வு பழுதில்லாமல் இருந்ததால்தான் இரண்டாவது வாழ்க்கையும் அதற்கு வாய்த்தது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் இதே கண்டம் வந்தது. 2010 செப்டம்பரில் திறந்த அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க 2011இல் முடிவெடுத்தபோது உயர் நீதிமன்றம் தடுத்தது. அது நூலகமாகவே தப்பியது.

கோடிகளில் கட்டுபவை தலைப்புச் செய்தியாகின்றன. பெரணமல்லூர் ஒன்றியத்தைப் போன்ற இடங்களில் ஜனங்கள் தினமும் தொடுவது லட்சங்களில் கட்டும் சிறு கட்டடங்களைத்தான்: அங்கன்வாடி, ரேஷன் கடை, நூலகம், சமுதாயக் கூடம், நிழற்குடை, கழிப்பறை. இவற்றில் தமிழ்நாடு செய்த இரண்டு பெரும் சோதனைகளுக்கு இன்னும் சரியான கணக்குப் பார்க்கப்படவில்லை. முதலாவது, 2000களின் தொடக்கத்தில் ஊராட்சிக்கு ஒன்றாகக் கட்டிய மகளிர் சுகாதார வளாகங்கள். இரண்டாவது, 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒன்றாகக் கட்டிய நூலகங்கள். அன்றைய கணக்கில் ஊராட்சிகள் 12,618. ஒரே வரைபடம், ஒரே மதிப்பீடு, மாநிலமெங்கும் ஒரே மஞ்சள் சுவர் என்று சொல்லும்படி எழுந்தன.

சுகாதார வளாகத்தின் எண்ணம் நல்லது. கழிப்பறை, குளிக்கும் அறை, துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பெண்களுக்கு ஒரே இடத்தில். கட்டிய இடமோ பல ஊர்களில் ஊர்க்கோடிப் புறம்போக்கு. இருட்டிய பிறகு பெண்கள் போக அஞ்சும் மூலை, அல்லது ஆண்கள் சீட்டாடும் மரத்தடிக்கு எதிரே கதவு. தண்ணீர் ஏற்றும் மோட்டார் கெட்டால் பழுது பார்க்க யாருக்குப் பொறுப்பு, கரண்ட் பில்லை எந்தத் தலைப்பில் கட்டுவது என்பது தீராமல் வளாகங்கள் பூட்டப்பட்டன. கருவேல முள் மண்டியது. 2011-12இல் அரசே நிதி ஒதுக்கி அவற்றைப் புதுப்பித்தது. அப்படிப் புதுப்பிக்க வேண்டியிருந்ததே முதல் கட்டுமானத்தைப் பற்றிய தீர்ப்பு. நூலகங்களின் கதையும் இதே திசையில்தான் போனது. கட்டடம் வந்தது, புத்தகம் வந்தது, ஒரு ரேக் வந்தது. மாலையில் திறந்து வைக்க முழுநேர ஆள் வரவில்லை. பல இடங்களில் அது ஊராட்சியின் பழைய பொருள் போடும் அறையாயிற்று. பத்தாண்டு கழித்து இரண்டாம் கட்டத் திட்டத்தில் மீண்டும் வெள்ளையடித்தார்கள்.

இங்கே தவறு வரைபடத்தில் என்று சொல்லிவிடுவது எளிது. மாதிரி வரைபடம் என்பதே கெட்டது இல்லை. 12,618 இடங்களுக்குத் தனித்தனியாக வரைய ஆளும் கிடையாது, அவகாசமும் கிடையாது. வரைபடம் ஒன்றாக இருக்கலாம். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எந்தத் தெருமுனையில் நிற்க வேண்டும் என்பதை அந்த ஊர்ப் பெண்கள் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அதைக் கேட்க மதிப்பீட்டில் ஒரு நாள் கூலி ஒதுக்கினால் போதும்.

வெயிலுக்கு வருவோம். ஏப்ரல், மே மாதங்களில் ஆரணி, வந்தவாசிப் பக்கம் 40 டிகிரி சாதாரணம். பழைய தாலுகா ஆபீஸ்களும் கிளைச் சிறைகளும் பயணியர் மாளிகைகளும் இந்த வெயிலை அறிந்து கட்டியவை. உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பூசிய மெட்ராஸ் டெரஸ், பதினெட்டு அங்குலச் சுவர், சுற்றிலும் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரம்தான் காத்திருப்போர் அறை. அங்கே யாரும் யாரையும் எழுந்திரு என்று சொல்வதில்லை. 1970களுக்குப் பிறகு வந்த கான்கிரீட் பெட்டிகளில் தாழ்வாரம் இரண்டடி சன்ஷேடாகச் சுருங்கிவிட்டது. பரப்பளவுக்கு இவ்வளவு என்று செலவைக் கணக்கிடும் முறையில், சுவர் இல்லாத தாழ்வாரம் வீண் செலவாகத் தெரியும். அதிகாரி அறைக்கு ஏ.சி. வந்தது, மனுதாரர் வேப்பமரத்தடிக்குப் போனார்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் 1970களில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் செங்கல் ஜாலிச் சுவர்களே காற்றாடியின் வேலையைப் பாதி செய்துவிடுகின்றன. ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் பிரான்சிஸ் கேரே தன் சொந்தக் கிராமமான காண்டோவில் 2001இல் கட்டி முடித்த தொடக்கப் பள்ளி இன்னும் பொருத்தமான பாடம். அங்கேயும் தகரக் கூரை, தாங்க முடியாத வெயில், கையில் காசு குறைவு. மண் கட்டிகளால் ஒரு கீழ்க்கூரை போட்டு, அதற்கு மேல் இரும்புக் கம்பிச் சட்டத்தில் தகரத்தைத் தூக்கி நிறுத்தினார். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடுகிறது. தகரத்தின் சூடு வகுப்புக்கு இறங்குவதில்லை. ஊரே மண் குழைத்துக் கட்டியது. 2004இல் ஆகா கான் விருது, 2022இல் கட்டடக் கலையின் உச்ச விருதான பிரிட்ஸ்கர். தமிழ்நாட்டு அங்கன்வாடிக்கு இந்த நுட்பம் எட்டாத தொழில்நுட்பம் இல்லை. எந்த வெல்டிங் பட்டறையிலும் அந்தச் சட்டத்தைச் செய்துவிடுவார்கள்.

அடுத்தது படிக்கட்டு. மழைத்தண்ணீர் புகாமலிருக்க நம் அரசு கட்டடங்களின் தரை உயரமாகவே இருக்கும். ரேஷன் கடையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கவும் அந்த உயரம் தோதாக இருக்கிறது. அரிசி வாங்க வரும் அறுபது வயது அம்மாவுக்கு அது தோதாக இல்லை. சாய்தளம் கட்ட வேண்டும் என்பது விதி. சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. தரை 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் வேண்டும், கூடவே திரும்பும் இடமும் இருபுறமும் கைப்பிடியும். மூன்று சென்ட் மனையில் அத்தனை நீளம் எங்கே இருக்கிறது? அதனால் மூன்று மீட்டரில் முடித்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலி அதில் ஏறாது, இறங்கினால் நிற்காது. ஏறாத சாய்தளத்தில் ஊழியர்களின் டூ வீலர் ஏறுகிறது. கட்டும்போதே தரையையும் மனையையும் சேர்த்து யோசித்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் இது. மனை முடிவான பிறகு யோசித்தால் தீர்வே கிடையாது.

சட்டம் கறாராகத்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் அணுகத்தக்கவையாக மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022 ஜூனில் கடந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைக்கான விதிகள் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாய்தளத்தைப் பரவலாக்கியதில் தேர்தல் ஆணையத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வாக்குச்சாவடிக்குச் சாய்தளம் வேண்டும் என்று அது கேட்கிறது. வாக்குச்சாவடி பெரும்பாலும் அரசுப் பள்ளி. எப்போதோ ஒருநாள் வாக்களிக்க வருகிறவருக்காகக் கட்டிய சாய்தளத்தில் மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். நல்ல பயன்தான்.

உட்காரும் இடம் இல்லாத குறையை அரசே ஆண்டுதோறும் ஒப்புக்கொள்ளும் தருணம் ஜமாபந்தி. பசலி ஆண்டு முடிவதற்கு முன் தாலுகா ஆபீஸில் நடக்கும் கணக்கு முடிப்புக்கு வாசலில் சாமியானா போட்டு, வாடகை நாற்காலி இறக்குவார்கள். கடந்த சில ஆண்டுகளாகத் துறைகள் சேர்ந்து நடத்தும் மனு முகாம்கள் பெரும்பாலும் கல்யாண மண்டபங்களில் நடக்கின்றன. மக்கள் கூட்டமாக வரும் நாளில் அரசு தன் கட்டடத்தை விட்டு வெளியேறி வாடகைக்கு இடம் பிடிக்கிறது என்றால், அந்தக் கட்டடம் யாரை மனதில் வைத்துக் கட்டியது? 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியரகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்து இறந்த பிறகு திங்கட்கிழமைக் குறைதீர்ப்பு நாட்களில் வாசலில் பையைச் சோதிக்கும் போலீஸும் நிரந்தரமாயிற்று. உட்கார இடம் கட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதும் தெரிந்ததுதான்: 2015இல் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் வந்தன, அருமையான யோசனை. சில ஆண்டுகளிலேயே அவற்றில் பல பூட்டிக் கிடந்தன, சாவி யாரிடம் என்று தெரியாமல்.

பெரணமல்லூரிலிருந்து வந்தவாசி தாண்டிப் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், சபை உறுப்பினர்களைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் விதிகள் அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்டன. யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, கணக்குக் காட்டாதவருக்கு என்ன என்று எல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறது. அந்தச் சபைக்குள் எல்லாச் சாதியாருக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்பதை மறந்து பெருமை பேசுவதில் பயனில்லை. கட்டடமாகப் பார்த்தால் ஒன்றைக் கவனிக்கலாம்: ஊர் நடுவில், கூட்டம் கூடும் மண்டபத்திலேயே விதி எழுதியிருந்தது. இன்றைய தாலுகா ஆபீஸில் மக்கள் சாசனப் பலகை மாட்டியிருப்பது பெரும்பாலும் பீரோவுக்குப் பின்னால்.

கட்டடமே தேவையா, எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே என்ற வாதம் இப்போது பலமாக இருக்கிறது. பட்டா, சான்றிதழ்கள், வில்லங்கம் எல்லாம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. வரிசை தாலுகா ஆபீஸிலிருந்து இ-சேவை மையத்துக்கு இடம் மாறியது. அந்த மையம் பெரும்பாலும் கடைவீதியில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ஜனங்களுக்கு நடை மிச்சம். இணையம் செய்த நன்மையில் பாதி இந்த இடமாற்றத்தால் வந்தது. சிங்கப்பூரில் 2017இல் திறந்த தெம்பனிஸ் மையம் இதையே பெரிய அளவில் திட்டமிட்டுச் செய்தது: நூலகம், நீச்சல் குளம், கால்பந்து மைதானம், அரசு சேவை மேசைகள், உணவுக் கடைகள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ், எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில். சிங்கப்பூரின் பணம் பேரூராட்சியிடம் இல்லை. ஆனால் பஸ் நிலையத்துக்கு மாடி கட்டினால் அதில் நூலகமும் இ-சேவையும் வி.ஏ.ஓ. ஆபீஸும் இருக்கலாம், கீழே கடை வாடகையில் பராமரிப்புச் செலவு வரும் என்ற யோசனைக்குச் சிங்கப்பூர் வரை போக வேண்டியதில்லை. துறைகள் ஒரே கட்டடத்தில் குடியிருக்கச் சம்மதிக்க வேண்டும். அதுதான் இங்கே சிமெண்டைவிட விலை அதிகம்.

நெசவூருக்கென்று ஒரு கட்டடம் கேட்டால் என்ன கேட்பார்கள்? பட்டுப் பாவு பெரும்பாலும் மூன்று சேலைக்குச் சேர்த்துப் போடுவது. விடிகாலையில் தெருவில் அதை நீட்டிக் கட்டி, இழை இழையாகப் பார்த்து, அறுந்ததை முடிந்து, சுருட்டி எடுப்பார்கள். சேலைக்கு ஆறு மீட்டர் என்று வைத்தாலும் 18 மீட்டர். இரு முனையிலும் ஆள் நிற்க இடம் சேர்த்தால் 65 அடிக்கு மேல் நேர்க்கோட்டில் தேவை. மழை வந்தால் வேலை நிற்கும், வண்டி வந்தால் பாவைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சமுதாயக் கூடத்தின் மாதிரி வரைபடத்தில் மேடை உண்டு, சமையலறை உண்டு, மணமகள் அறை உண்டு. 65 அடி நேர்க்கோடு கிடைக்காது. சுவர் வேண்டாம், தூண்களும் உயர்ந்த கூரையும் பளபளப்பில்லாத தரையும் போதும். காலை ஒன்பது மணிக்குப் பாவு வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நாள் முழுக்க முகாம், தடுப்பூசி, கல்யாணம், கூட்டம் எதற்கும் அந்தக் கூரை சும்மாதான் இருக்கும். அது ஊர்க்கோடிப் புறம்போக்கில் இருந்தால் யாரும் பாவைச் சுமந்துகொண்டு போக மாட்டார்கள். தறி ஓடும் தெருக்களுக்கு நடுவில் இருக்க வேண்டும், அதாவது நிலத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டின் அந்தப் பூஜ்யத்தை விட்டுக்கொடுக்க ஒரு மன்றம் தீர்மானம் போட வேண்டும்.

யாருடைய மன்றம் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஒன்றியத்தின் சுற்றுக் கிராமங்களில் கிராம சபை உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை கூட்டச் சொல்கிறது அரசு. கட்டடத்துக்கு இடம் தேர்வதைப் பற்றி அங்கே கேட்கலாம், எதிர்க்கலாம், தீர்மானத்தில் எழுதச் சொல்லலாம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி, ஒன்றியப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. அங்கே 2022 பிப்ரவரித் தேர்தலில் வந்த உறுப்பினர்களிடம்தான் கேட்டாக வேண்டும். ஐந்தாண்டுக் கணக்கில் அவர்களுடைய காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது.